பங்களாவுக்கு நாலு ஆலோசகர்கள்

நான் உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்ட ஒரு மத்தியானம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உபதேசியார் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால்கள் நெஞ்சைத் தொடும்படி குறுகியிருந்தார். ஆஸ்பத்திரி டிரஸர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். எதையோ சொல்வதற்காகத் தூக்கிய கையை என்னைப் பார்த்ததும் கீழே விட்டு, சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். "வா பாப்பா, உட்காரு" என்றார் வாத்தியார். சம்பந்தி வீட்டாரை வரவேற்பது போல இருந்தது அந்தக் குரல். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது என் அப்பாவைப் பற்றித்தான் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. என் காதுகள் சுட்டன. பிற்காலத்தில் ஆசிரியையாக எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். நான் நுழையும்போது யாராவது தற்செயலாகப் பேச்சை நிறுத்தினால்கூட அந்தச் சூடு காதில் ஏறிவிடும்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாய் நாட்டில், மெர்போக்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது. அப்பா அங்கே பெரிய கிராணி, ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டாள். அண்ணன் அப்பாவுக்குக் கீழே ஆபீசில் வேலை பார்த்தான். சண்டை வந்ததும் வெள்ளைக்காரத் துரை தன் நாயைக்கூட அவிழ்த்துவிடாமல் காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். ஜப்பான்காரர்கள் வந்தபோது ஆபீஸ் வாசலில் சாவிக்கொத்தோடு நின்றவர் அப்பா ஒருவர்தான். இனி நீயே பார்த்துக்கொள் என்று அந்தச் சாவியை அவர் கையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அந்தப் பாஷையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அதிகாரி வந்தால் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, இரண்டு வார்த்தை அவன் மொழியிலேயே பேசுவார். அதைப் பார்த்துத் தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு தைரியம். நமக்காகப் பேச ஓர் ஆள் இருக்கிறார் என்ற தைரியம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், கொஞ்ச காலம்தான், நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்று சொல்லி முதல் தடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் விரும்பித்தான் லோரியில் ஏறினார்கள். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பரை வாங்க ஆள் இல்லாத காலம். பால் எடுக்க மரம் வெட்டவும் வேலை இல்லை. கொஞ்ச காலம் கழிந்தது, அவர்கள் வரவில்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் ஆண் இல்லாத வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்குத் தோலைத் தின்று வயிறு உப்பிக் கிடந்தார்கள். அப்போது அப்பா ஒரு காரியம் செய்தார். பூட்டிக் கிடந்த துரையின் பங்களாவைத் திறந்துவிட்டார். ஆண் துணை இல்லாத பெண்களும் பிள்ளைகளும் அங்கே வந்து இருக்கலாம், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடலாம் என்றார். துரையம்மாவின் ஜன்னல் சீலைகளைக் கழற்றி, பாதியைப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க என்னிடம் கொடுத்தார். மீதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு யான் என்ற ஊர் வரைக்கும் போய், அங்கே மலாய்க்காரர்களிடம் கொடுத்து நெல் வாங்கி வந்தார். வழியில் இரண்டு இடத்தில் சோதனை. பிடித்தால் அடி நிச்சயம். முதல் நாள் கஞ்சியை அவரே நின்று ஊற்றினார். ஒரு குழந்தை அவசரத்தில் வாயைச் சுட்டுக்கொண்டு அழ, அதை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பின்னால் சொல்லப்போவதையும் என் கண்ணால்தான் பார்த்தேன். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க நான் வெகுகாலம் முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர, பங்களா நிரம்பிவிட்டது. இத்தனை பேரை ஒரே இடத்தில் வைத்திருக்கிறாயே, இது என்ன சங்கம் என்று அதிகாரி கேட்டானாம். அனாதைகளுக்கான இல்லம், ஒழுங்காக நடக்கிறது, ஆலோசகர்கள்கூட இருக்கிறார்கள் என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கே எங்களை நியமித்தார். பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஜெபம் செய்துவைக்கும் உபதேசியார், தோட்டத்து ஆஸ்பத்திரியைத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்த டிரஸர், பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நான். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆரம்பத்தில் அப்பா வாரா வாரம் எங்களை உட்கார வைத்துக் கேட்டார். யாரை எங்கே படுக்க வைப்பது, நோயாளிகளை எப்படிப் பிரிப்பது, கிழங்கு எங்கே நடுவது என்று எல்லாமே பேசித்தான் நடந்தது. பிறகு கூட்டம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு, "எல்லாம் நல்லாத்தான் நடக்குது, உங்களை ஏன் அலைய வைக்கணும்?" என்றார். பங்களாப் பெண்கள் வெளியே போக அவரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. கிழங்குக் காட்டில் வேலை செய்யாதவர்களுக்கு அரைக் கஞ்சி என்று இன்னொன்று வந்தது. எங்களுக்கு எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரியும். டிரஸர் ஒருமுறை கேட்டதற்கு, "அவசரம், அதான் கேட்கல" என்றார் அப்பா. எல்லாமே அவசரமாக இருந்த காலம் அது. அந்தப் பதில் எப்போதும் செல்லுபடியானது.

டிரஸரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் ஆகாதவர். நாற்பதைத் தொட்டிருப்பார். நல்ல மனிதர் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. கோபக்காரர். மருந்து குடிக்க மறுக்கும் பிள்ளைகளை மூக்கைப் பிடித்துக் குடிக்க வைப்பார். குவினைன் தீர்ந்து போன பிறகு, கையில் கிடைத்த பட்டையையும் இலையையும் காய்ச்சி வைத்துக்கொண்டு, "இது வேலை செய்யுமான்னு என்னைக் கேட்காதே, குடி" என்று அதட்டுவார். அப்பாவும் அவரும் பல வருஷத்து நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவன் தப்பித்து வந்து சேர்ந்தான். காடும் ஆறுமாக நடந்தே வந்திருந்தான். காலில் எலும்பு தெரியும் புண். டிரஸர் அவனைப் பங்களாவின் பின்பக்க அறையில் வைத்துப் பார்த்தார். அவன் சொன்னதை நாங்கள் நாலு பேரும் அப்பாவும் நின்று கேட்டோம். வாந்திபேதியில் கூடாரம் கூடாரமாகச் செத்துப்போனார்கள் என்றான். நம் தோட்டத்து ஆட்களில் யார் யார் போய்விட்டார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னான். சொல்லிவிட்டு, அந்த வாரமே அவனும் போய்ச் சேர்ந்தான். அவன் பெயர் பெயராகச் சொன்னதில் பங்களாவின் சமையல் அக்காவின் புருஷன் பெயரும் மூத்த மகன் பெயரும் இருந்தன. புருஷன் முதல் தடவை போனவன். மூத்தவன் அதற்குப் பிறகு இரண்டாவது தடவை ஆள் எடுத்தபோது போனவன். சமையல் அக்காவிடம் அதை நான்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கரண்டியால் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடி பிடித்துவிடும் என்ற பயம்.

ஆக, சயாம் என்றால் என்ன என்பது அப்பாவுக்குத் தெரியும். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பின்னாட்களில் எங்கள் உறவினர்கள், "அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும்" என்று சொல்வார்கள். தெரியும்.

மூன்றாவது தடவையாக ஆள் கேட்டு வந்தார்கள். இந்தத் தடவை விரும்பிப் போக யாரும் இல்லை. அப்பா ஒரு முடிவு எடுத்தார். பங்களாவில் இருக்கும் குடும்பங்களில் நடக்க முடிகிற ஆண்பிள்ளைகள் முதலில் போகட்டும் என்றார். அதில் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள், காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள், வேறு தோட்டத்திலிருந்து ஒண்ட வந்தவர்கள். அவர்கள் பக்கம் பேச அப்பன் இல்லை, மாமன் இல்லை. அதனாலேயே அவர்கள் பங்களாவில் இருந்தார்கள். எங்களிடம் அவர் கேட்கவில்லை. டிரஸருக்கு மட்டும் ஆள் அனுப்பினார், போகிறவர்களைப் பரிசோதித்து உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்லி. அவர்களில் ஒருவன் சமையல் அக்காவின் இளைய மகன். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். அவள் படியில் உட்கார்ந்து, "ஐயா, ரெண்டு பேரைக் குடுத்துட்டேன். இவனை விட்டு வைங்க" என்றாள். அழவில்லை. அப்பா மிகவும் மெதுவாக, அன்பாகவே பேசினார். "நான் என்னம்மா செய்வேன்? இத்தனை நாள் தோட்டம் சோறு போட்டிருக்கு. ஒரு தேவைன்னு வந்தா பங்களா ஆளுங்கதானே முன்னுக்கு நிக்கணும்" என்றார். நான் உள் அறையில் இருந்தேன். அவள் எழுந்து போகும்போது என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

இதற்காகத்தான் டிரஸர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டிருந்தார், தலைவரான அப்பா இல்லாத கூட்டம். என்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று அவர்களுக்குள் வாதம் நடந்ததாம். டிரஸர்தான், "அதுவும் ஆலோசகர்தானே" என்று ஆள் அனுப்பியிருக்கிறார். உட்கார்ந்ததும் நானே சொன்னேன். "எங்க அப்பாவைப் பத்தித்தானே? பேசுங்க. நான் வீட்டுல போய்ச் சொல்ல மாட்டேன்."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கிராணி ஐயா செய்யறது சரின்னு நான் சொல்லல. ஆனா எதிர்த்துக் கேட்டா என்ன ஆகும்னு யோசிக்கணும். அவரு கோவிச்சுக்கிட்டு விலகிட்டாருன்னா பங்களாவை யாரு நடத்துறது? ஜப்பான்காரன் முன்னால யாரு போய் நிக்கிறது? நீங்க நிப்பீங்களா டிரஸர்?"

"நிக்க முடியாது. எனக்கு அந்தப் பாஷை தெரியாது" என்றார் டிரஸர். "அதுக்காகப் பையனுங்களை அனுப்பிடலாமா?"

உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாம ஆலோசகருங்க. கேட்டா சொல்லலாம். கேட்காதப்ப சொல்றதுக்கு நமக்கு என்ன அதிகாரம் இருக்கு?"

"அதிகாரம் இல்லை. வாயும் இல்லையா?" என்றார் டிரஸர். "உடம்பு நல்லா இருக்குன்னு நான் சொல்லணுமாம். அந்தச் சமையல்கார அக்கா மகன் நேத்துதான் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தான். அவனை நல்லா இருக்கான்னு சொல்லி லோரில ஏத்தணும். அதுக்கு நான் ஆலோசகர்."

எனக்குத் துணிச்சல் வந்தது. ஏன் பங்களா ஆட்கள் மட்டும் போக வேண்டும் என்று கேட்டேன். வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கோபத்தோடும் பேசவில்லை. "பங்களா ஆளு போகலேன்னா லயத்து ஆளு போகணும் பாப்பா. எண்ணிக்கை குறையாது. லயத்துல என் தம்பி இருக்கான். உபதேசியாரு மகன் இருக்கான். ஆபீசுல உங்க அண்ணன் இருக்காரு. யாரு பேரைச் சொல்லட்டும், நீயே சொல்லு" என்றார். பங்களாப் பையன்கள் போவதால் எங்கள் நாலு பேரில் மூன்று பேர் வீட்டில் ஒவ்வொருவர் மிஞ்சுகிறார்கள். இத்தனை நாள் நாங்கள் அப்பாவைக் கேட்காமல் இருந்ததற்கு அவர்மேல் இருந்த மரியாதைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போனது.

டிரஸர் ஒரு வழி சொன்னார். சீட்டுப் போடலாம் என்றார். பங்களா, லயம், ஆபீஸ் என்று பார்க்காமல் உடம்பு நன்றாக இருக்கும் எல்லா ஆண்கள் பெயரையும் எழுதிக் குலுக்கி எடுக்கலாம். "என் பேரும் போடுங்க" என்றார். வாத்தியார் முடியாது என்றார். ஆச்சரியமாக, முதலில் தலையாட்டியவர் உபதேசியார்தான். "என் மகன் பேரையும் போடலாம்" என்று சொல்லிவிட்டு, சொன்னதைக் கேட்டு அவரே பயந்தது போல உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எங்க அண்ணன் பேரும்" என்றேன். மூன்று பேர் ஒரு பக்கம் ஆனதும் வாத்தியார் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, வாங்க. நானும் வரேன். ஆனா நான் பேச மாட்டேன்" என்றார்.

அப்பா எங்களை முன்கூடத்தில் உட்கார வைத்தார். டிரஸர் நிதானமாகத்தான் பேசினார். அப்படி அவர் கோபமில்லாமல் பேசி நான் கேட்டதே இல்லை. நீங்கள் ஆரம்பித்த இல்லம் இது, உங்களை நம்பி வந்தவர்கள் இவர்கள், முடிவெடுக்கும் முன் எங்களைக் கேட்டிருக்க வேண்டும், இப்போதும் நேரம் இருக்கிறது, சீட்டுப் போடலாம் என்றார். அப்பா முழுவதையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணன் பேரையும் போடணுமா?" என்று கேட்டார். "போடணும்பா" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஆலோசகருங்க வேலை ஆலோசனை சொல்றது" என்றார் எல்லோருக்கும் பொதுவாக. "சொல்லிட்டீங்க. நல்லது. போயிட்டு வாங்க." எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். உபதேசியாரிடம் அவர் மகனின் இருமல் எப்படி இருக்கிறது என்றுகூட விசாரித்தார்.

சாயங்காலம் கிணற்றடியில் அண்ணன் என்னிடம் வந்தான். "என் பேரையும் போடச் சொன்னியாமே?" என்றான். ஆமாம் என்றேன். நியாயம், எல்லார் வீட்டுக்கும் ஒரே சட்டம் என்று ஏதேதோ சொன்னேன். அவன் வாளியைக் கிணற்றில் விட்டு, நிறைவதற்குக் காத்திருந்தான். "அப்பா விட மாட்டாருன்னு தெரிஞ்சுதானே சொன்னே?" என்றான். குத்திக்காட்டும் குரலில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். அன்றைக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் வரவில்லை. அண்ணன் இறந்து வெகுகாலம் ஆகிறது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அப்பா விட்டுவிடக் கூடும் என்று நினைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பேனா? டிரஸர் என்ன நினைப்பாரோ என்று பயந்தாவது சொல்லியிருப்பேனா? அன்று மத்தியானம் முழுக்க என்னைப் பெரிய தைரியசாலியாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு கிணற்றடி வரைதான் வந்தது.

டிரஸர் எங்களிடம் சொல்லாமல் அடுத்த காரியத்தைச் செய்தார். மறுநாள் பங்களா வாசலில் குறுக்கே கயிற்றைக் கட்டி, சிவப்புத் துணியைத் தொங்கவிட்டார். உள்ளே வாந்திபேதி, யாரும் போகக் கூடாது, யாரும் வரக் கூடாது என்றார். அதிகாரி வந்தபோது அவர் நேராகப் போய் வயிற்றையும் வாயையும் காட்டிச் சைகையிலேயே சொல்லிவிட்டார். ஜப்பான்காரனுக்கு எதற்குப் பயமோ இல்லையோ, அந்த நோய்க்குப் பயம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரைத் திருப்பச் சொன்னான். பங்களாவில் யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் பொய் என்று அவர் காட்டிக் கொடுத்தால், தலைவர் என்ற முறையில் அவர் தலையும் சேர்ந்து உருளும். இதை டிரஸர் யோசித்துத்தான் செய்திருப்பார். என்னிடமோ மற்ற இருவரிடமோ சொல்லாததும் யோசித்துத்தான். விசாரணை வந்தால் எங்களுக்கு எதுவும் தெரியாமல் இருக்கட்டும் என்று. அப்பா அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

லோரி வந்தது பெரட்டு நேரத்தில். ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்ப விடியலில் எல்லோரும் வரிசையாக நிற்கும் நேரம் அது. அதிகாரி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். நான், கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகைக்குப் போகும் வழியில் மற்றப் பெண்களோடு நின்றுவிட்டேன். அப்பா வரிசையில் நடந்து, லயத்துப் பையன்களில் ஒவ்வொருவராகச் சிலர் தோளைத் தொட்டார். தொட்டவர்கள் வெளியே வந்து நின்றார்கள். அவர் யாரைத் தொடவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. உபதேசியாரின் மகனைத் தாண்டிப் போனார். வாத்தியாரின் தம்பி வரிசையிலேயே இல்லை. அவன் ஆபீஸ் வாசலில் கையில் துடைப்பத்தோடு நின்றான், அன்றைக்குக் காலையில்தான் கிடைத்த வேலை. வாத்தியார் எப்போது போய்க் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்டாரா, அப்பாவே கூப்பிட்டுக் கொடுத்தாரா என்பதும் தெரியாது. அண்ணன் ஆபீசுக்கு உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தான்.

அதிகாரி போதும் என்பது போலத் தலையசைத்தான். அப்பா அவனிடம் அவன் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார். "இத்தனை பேரு அவ்வளவு தூரம் போறாங்க. மருந்து குடுக்க ஒரு ஆளு வேணும். நம்ம டிரஸர் கூடப் போவாரு."

அது அத்தனை சரியாக இருந்தது. கேட்பவர்களுக்குப் போகிற பிள்ளைகள்மேல் அக்கறை என்றே தோன்றும். ஒரு தாய் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தாள். டிரஸர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பார்வையைத் திருப்பவில்லை. உபதேசியார்தான் மெல்ல, "ஐயா, அப்ப நம்ம ஆஸ்பத்திரிக்கு யாரு?" என்றார். "அதை நான் பார்த்துக்கிறேன்" என்றார் அப்பா. வாத்தியார் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் "அப்பா" என்றேன், ஒரே தடவை. அவருக்குக் கேட்டது. கழுத்து லேசாக அசைந்ததைப் பார்த்தேன். ஆனால் திரும்பவில்லை. டிரஸர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தார். லோரியில் ஏறுவதற்கு முன் என் பக்கம் வந்து, "கயித்தை இன்னும் ஒரு வாரம் அவிழ்க்க வேணாம் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

நான் அவிழ்க்கவில்லை. சமையல் அக்காவின் மகன் பிழைத்தான். பிற்காலத்தில் சுங்கைப் பட்டாணியில் சைக்கிள் கடை வைத்துப் பேரன் பேத்தி எடுத்தான். சண்டை முடியும்வரை பங்களா நடந்தது. ஆலோசகர்கள் கூட்டம் பிறகு நடக்கவே இல்லை. நானும் வாத்தியாரும் பள்ளிக்கூடத்துப் பாதையில் எதிர்ப்பட்டால் வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்வோம். அப்பாவுக்கு நான் வழக்கம்போலச் சமைத்துப் போட்டேன். அவர் தட்டில் இருந்ததும் என் தட்டில் இருந்ததும் ஒரே பானைச் சோறு.

இன்றைக்கு அந்தத் தோட்டத்தில் கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பங்களா இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. ஆனால் கோவில் மண்டபத்தில் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறார்கள். வருஷா வருஷம் திருவிழாவில் என்னைக் கூப்பிட்டு மாலை போடச் சொல்வார்கள். "உங்க அப்பா இல்லேன்னா நாங்க இல்லக்கா" என்று யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். அது பொய் இல்லை. அதனால்தான் என்னால் கையை உருவிக்கொள்ள முடிவதில்லை. லோரியில் ஏற்றியவர்களின் வீட்டார் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். பல பேருக்கு வீடே மிஞ்சவில்லை.

டிரஸர் உயிரோடு திரும்பினார். அவரோடு போன பையன்களில் மிகச் சிலரே வந்தார்கள். சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் மறுபடி வந்து, யார் யார் ஜப்பான்காரனோடு சேர்ந்து என்ன செய்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்த நாட்கள். அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து நிற்பார். ஒரு நாள் காலை டிரஸர் வந்தார். செர்டாங்கில் வேலை கிடைத்திருக்கிறது, போகிற வழியில் வந்தேன் என்றார். மெலிந்து, முடி கொட்டி, வேறு ஆளாக இருந்தார். நான் காப்பி கலந்தேன். வீட்டில் இருந்த சர்க்கரையெல்லாம் ஒரு தம்ளருக்குத்தான் வந்தது. அதை அவர் முன் வைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியா தங்கச்சி?" என்றார். தலையாட்டினேன். அவர் அப்பாவிடம் திரும்பினார்.

"உங்களைப் பத்தி என்னை விசாரிச்சாங்க. பங்களாவைத் திறந்ததையும் சொன்னேன். பெரட்டையும் சொன்னேன். ரெண்டையும் எழுதிக்கிட்டாங்க. என்ன செய்வாங்களோ தெரியாது" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும்னுதான் வந்தேன். அன்னிக்கு என் பேரைச் சொன்னீங்களே, கோவத்துல சொன்னீங்களா, யோசிச்சுச் சொன்னீங்களா?"

கோபத்தில் என்று சொல்லிவிட மாட்டாரா என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யோசிச்சுத்தான்" என்றார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் டிரஸர். எழுந்தார். கோபப்படவில்லை. என்னிடம் வரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். காப்பியை அவர் தொடவே இல்லை.

நான் தம்ளரை எடுக்கக் குனிந்தேன். அப்பா கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். "சர்க்கரை போட்டதும்மா. வீணாக்கக் கூடாது" என்றார். பிறகு சாலையைப் பார்த்தபடி, ஆறிப்போன அந்தக் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நான் வெறும் தம்ளருக்காகப் பக்கத்தில் காத்து நின்றேன்.